வாளியும் டம்ளரும்

மகிழ்நன் வேதியியல் ஆராய்ச்சி மாணவன். கரைசலின் செறிவை அளக்கும் மோலாரிட்டிக் கணக்கைக் கரைத்துக் குடித்தவன் என்று கல்லூரியில் பெயர். அந்தப் புத்திசாலிதான் சதையையே அரிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, பெயர்கூட ஒட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். ஆய்வகத்தைக் கூட்ட வந்த எட்டியப்பன் தாகத்தில் ஒரு வாய் குடித்துவிட்டார். உயிர் பிழைத்தார். தொண்டை வெந்துபோனது. ஒரு துண்டுத் தாள் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நினைத்தாலே வயிறு எரிகிறது.

பாட்டிலை வைத்தது யாரென்று எவருக்கும் தெரியவில்லை. கல்லூரி விசாரணைக்கு முந்தின நாள் மகிழ்நன் தன் பேராசிரியர் அருளப்பன் வீட்டுக்குப் போனான். நடந்ததைச் சொன்னான்.

"ஒத்துக்கிட்டா என் ஆராய்ச்சியே போயிடும், ஐயா. செஞ்சது சின்னத் தப்பு. வாயை மூடிக்கிட்டு இருந்துடலாமா?"

அருளப்பன் எழுந்து உள்ளே போனார். ஒரு டம்ளரிலும் ஒரு வாளியிலும் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"ருசி பாரு."

டம்ளர் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை. வாளித் தண்ணீர் லேசாகத்தான் கரித்தது.

"டம்ளர்ல ஒரு மோலார், நூறு மில்லி. வாளியில பூஜ்யம் புள்ளி பூஜ்யம் அஞ்சு மோலார், இருபது லிட்டர். எதுல உப்பு அதிகம்?"

இதெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

"வாளியிலதான், ஐயா. டம்ளர்ல ஆறு கிராம்கூட இல்ல. வாளியில அம்பத்தெட்டு கிராம்."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மோலாரிட்டியை லிட்டரால பெருக்கினா எத்தனை மோல்னு வரும். அதை உப்போட மோல் எடையால பெருக்கணும்."

"எத்தனை லிட்டர்னு தெரியலேன்னா?"

"கணக்கே போட முடியாது, ஐயா."

"எட்டியப்பன் வீட்டுக்குப் போனியா?"

மகிழ்நன் தலை குனிந்தான். "இல்ல."

"நான் போனேன். வயித்துல குழாய் வச்சிருக்காங்க. கஞ்சியை அதுலதான் ஊத்துறாங்க. பக்கத்துல இருந்து பார்த்துக்க அவர் சம்சாரம் வேலையை விட்டுட்டாங்க. பொண்ணு காலேஜை நிறுத்திட்டு ஜவுளிக்கடைக்குப் போறா."

அருளப்பன் வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

"போய் எத்தனை லிட்டர்னு பார்த்துட்டு வா. அப்புறம் சொல்லு, சின்னத் தப்புன்னு."