ஒருவரும் குறை சொல்லாத ஒயின்

புதுச்சேரியில் மதாம் லூர்துமேரியின் ஒயின் கடையில் பிலோமின் என்றொருத்தி வேலை பார்த்தாள். கட்டியவன் கைவிட்டபோது அவளைச் சேர்த்துக்கொண்டு சோறு போட்டவள் மதாம்தான்.

கப்பலில் புது ஒயின் வந்திறங்கிய அன்று, கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரான மில் முதலாளி தெய்வசிகாமணி மிடுக்காக உள்ளே நுழைந்தார்.

"இன்று என் வீட்டில் விருந்து. வருகிற அத்தனை பேரும் புகழ்கிற ஒயின் வேண்டும். ஒருத்தர் முகம் சுளித்தாலும் கடையைக் காலி பண்ணிவிடு!"

மதாம் பிலோமினைத் திரும்பிப் பார்த்தாள். பிலோமின் முன்னே வந்தாள்.

"தர்றேன் ஐயா. ஊத்தும்போது, 'நானே ருசி பார்த்து வாங்கினது'ன்னு மட்டும் சொல்லுங்க."

விருந்தில் அவர் அப்படியே சொன்னார். "அமிர்தம்!" என்றார் ஒருவர். "தேவலோகத்துச் சரக்கு!" என்றார் இன்னொருவர். பூரித்துப்போன முதலாளி தாமும் ஒரு வாய் குடித்தார். பல் கூசும் புளிப்பு!

மறுநாள் காலையில் கடைக்குப் பாய்ந்து வந்தார். "கெட்டுப்போனதையா கொடுத்தாய்?"

"ஆமாம் ஐயா, வெயிலில் புளிச்சுப்போச்சுன்னு ஒதுக்கிவச்சது. எல்லாரும் புகழ்கிற ஒயின்தானே கேட்டீங்க? நல்ல ஒயின் கேட்கலையே! யாராவது முகம் சுளிச்சாங்களா?"

முதலாளி விருந்தாளிகளின் புகழ்ச்சியை நினைத்துப் பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

"என்னைச் சுற்றி ஒருத்தனும் உண்மை பேசுவதில்லை என்று காட்டிக்கொடுத்தாயே, தாயே! இந்த உதவியை மறக்கமாட்டேன். கடை மதாமிடமே இருக்கட்டும்."

மதாம் கண்கலங்கிப் பிலோமினைக் கட்டிக்கொண்டாள்.

முதலாளி தயங்கினார். "புதுசாக வந்ததில் எது நல்லது? நீயே குடித்துப் பார்த்துச் சொல்லு. நீ முகம் சுளிக்காததை வாங்கிக்கொள்கிறேன்."