குதிரை என்றால் சூடு

வெகு காலத்துக்கு முன்னே மருதங்காடு என்ற சீமையைப் பராங்குசன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் மனசு ஒரு நிலையில் நிற்காது. காலையில் ஓர் ஊருக்கே வரியைத் தள்ளுபடி செய்வார். மத்தியானம் ரசத்தில் உப்புக் கூடிவிட்டதென்று சமையல்காரனை நாடு கடத்துவார்.

ஒருநாள் ராஜா நகர்வலம் போனார். தெப்பக்குளத்தங்கரையில் அவர் ஏறியிருந்த குதிரை எதையோ கண்டு மிரண்டது. முன்னங்காலைத் தூக்கி ஒரே உதறல். ராஜா கிரீடத்தோடு சேற்றில் விழுந்தார். சனம் வாயைப் பொத்திக்கொண்டது. பொத்தி என்ன செய்ய? சிரிப்பு விரலிடுக்கு வழியாக வந்துவிட்டது.

அன்று ராஜா சாப்பிடவே இல்லை. அரண்மனை அதிகாரி வேம்புநாதர் பக்கத்தில் வந்து நின்றார். ராஜா தும்மினால் தனக்குச் சளி பிடித்ததென்று சொல்கிற மனிதர் அவர்.

"மகாராஜா, அந்தப் பிராணியின் பேர் காதில் விழுந்தால் சனங்களுக்குச் சேறுதான் ஞாபகம் வரும். பேரையே ஒழித்துவிட்டால்?"

ராஜாவுக்கு அது சரியென்று பட்டது. "இனி அந்தச் சொல்லைச் சொல்கிறவன் நாக்கில் சூடு!" என்று ஆணை போட்டார். தண்டோராக்காரன் கடைசித் தடவையாக அந்தச் சொல்லைச் சொல்லி அறிவித்துவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு ஓடினான்.

ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சதுரங்கம் ஆடுகிறவர்கள், "ராஜா, மந்திரி, யானை, அப்புறம் அது" என்று காய் நகர்த்தினார்கள். காலில் அடிபட்டு வந்தவனிடம் குதிரைமுகம் வீங்கியிருக்கிறதென்று சொல்ல முடியாத வைத்தியர், "முழங்காலுக்குக் கீழே, பாதத்துக்கு மேலே, முன்பக்கத்து எலும்பு" என்று விளக்கி முடிப்பதற்குள் அடிபட்டவன் நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தான். கிடைக்காத பொருளைக் குதிரைக்கொம்பு என்பார்கள். இப்போது அந்தச் சொல்லே குதிரைக்கொம்பாகிவிட்டது.

ஆணை மலைக்காட்டுக்கு எட்டவில்லை. அங்கிருந்து சடையன் என்கிற குடியானவன் தானியக் கூடையோடு இறங்கி வந்து, "குதிரைவாலி! குதிரைவாலி அரிசி!" என்று கடைத்தெருவில் கூவினான். சேவகர்கள் அவனைக் கட்டி இழுத்துப் போனார்கள். எதற்கு இழுத்துப் போகிறார்கள் என்று கேட்டான். அதைச் சொல்லவும் அவர்களால் முடியவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள் பூங்காவனம். அரசவையில் வீணை வாசிக்கிறவள். ராஜா அவள் வாசிப்பைப் புகழும்போதெல்லாம் வேம்புநாதருக்கு வயிறு எரியும். அவள் வீட்டுக்குப் போய், வீணையிலிருந்து ஒரு சின்ன மரத்துண்டைக் கழற்றி வைத்தாள்.

மறுநாள் சபை கூடியது. ஒரு பக்கம் சடையன் கட்டுண்டு நின்றான். பக்கத்தில் இரும்பு பழுத்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல் முதலில் வீணை. பூங்காவனம் மீட்டினாள். டொக், டொக்.

"இதென்ன, முருங்கைக்காய் நறுக்குகிற சத்தம்?" என்றார் ராஜா.

"தந்தியைத் தாங்குகிறதை எடுத்துவிட்டேன், மகாராஜா."

"எதை எடுத்தாய்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "குதிரையை."

பூங்காவனம் மேலே பேசினாள்.

"வீணைக்குக் குதிரை. இந்தச் சடையன் விற்றது குதிரைவாலி. வைத்தியர் கட்டுப் போடுவது குதிரைமுகம். இதில் எது உங்களைத் தள்ளியது? இவனுக்குச் சூடு வைப்பதானால் முதலில் எனக்கு வையுங்கள். நாக்கு வெந்தாலும் அதன் பேர் குதிரைதான்."

வேம்புநாதர் துள்ளி எழுந்தார். "மகாராஜா! குற்றம்! எல்லாரும் கேட்டார்கள்!"

"வழக்கென்றால் குற்றத்தைச் சொல்லுங்கள், ஐயா. நான் என்ன சொன்னேன்?"

"அந்தச் சொல்லைச் சொன்னாய்."

"எந்தச் சொல்?"

வேம்புநாதர் வாயைத் திறந்தார். பழுத்த இரும்பு கண்ணில் பட்டது, மூடிக்கொண்டார். "நாலு கால் உள்ளது."

"கட்டிலா?"

"கொள்ளு தின்பது!"

"நேற்று உங்கள் வீட்டில் கொள்ளு ரசம் என்றார்களே?"

"கனைக்கும்!"

"பாட்டு வாத்தியாரும் கனைப்பார்."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேம்புநாதருக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரியாத மாதிரி நடிக்காதே! நம் மகாராஜாவைக் கிரீடத்தோடு சேற்றில் உருட்டித் தள்ளியதே, அதுதான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

பூங்காவனம் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டீர்களா, மகாராஜா? நான் குதிரை குதிரை என்று சொன்னேன். ஒரு துளி சேறு தெறிக்கவில்லை. இவர் அந்தச் சொல்லைத் தொடவே இல்லை; குளத்துச் சேறெல்லாம் சபைக்குள் வந்துவிட்டது."

ராஜாவின் முகம் சிவந்தது. "உண்மையைச் சொல்லுங்கள். அன்று யாருக்கெல்லாம் சிரிப்பு வந்தது?"

ஒருவரும் அசையவில்லை. சடையன் மட்டும் தொண்டையைச் செருமினான். "நான் அன்னைக்கு ஊர்ல இல்லீங்க சாமி. இருந்திருந்தா சிரிச்சிருப்பேன்."

ராஜா அவனையே பார்த்தார். மீசை துடித்தது. பிறகு பீறிட்டு வந்தது சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூங்காவனத்திடம் நீட்டினார்.

அவள் கை நீட்டவில்லை. "முதலில் அவன் கட்டை அவிழுங்கள்."

கட்டு அவிழ்ந்தது. ஆணையும் அதோடு போயிற்று. அப்புறம்தான் மாலையை வாங்கினாள்.

"வேம்புநாதரே," என்றார் ராஜா, "இவன் பிழைப்பைக் கெடுத்தது நீரும் நானும். நான் நஷ்டத்தைக் கட்டுகிறேன். நீர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கூவி விற்றுக் கொடும்."

பட்டுத் தலைப்பாகைமேல் கூடையை வைத்துக்கொண்டு வேம்புநாதர் கடைத்தெருவுக்குப் போனார். ஊரே வேடிக்கை பார்த்தது. அவர் உதடு மட்டும் அசைந்தது.

பின்னால் வந்த சடையன் அவர் தோளைத் தட்டினான். "இப்படி முனகினா ஈ காக்கா கூட வராதுங்க ஐயா. அடிவயித்துலேருந்து கூப்பிடுங்க."

கூப்பிட்டார். நாலு தெருவுக்கும் கேட்டது.