அடுக்களை பாயிண்ட் மூச்சைப் பிடித்த கதை

ஒரு வீட்டின் அடுக்களைச் சுவரில், கடுகு டப்பாவுக்கு மேலே, ஒரு ப்ளக் பாயிண்ட் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாய் அதற்கு அதுதான் இடம். வெள்ளையாய் வந்தது, தாளிப்புப் புகையில் பழுப்பேறிப் போயிருந்தது. மிக்சி அதில்தான் ஓடும், கிரைண்டரும் அதில்தான் ஓடும். அதனால் அதற்குக் கொஞ்சம் நினைப்பு உண்டு.

"நான் இல்லையென்றால் இந்த வீட்டில் சட்னி கிடையாது" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிக்கொள்ளும்.

அதை ஒட்டியே ஒரு சுவிட்ச் இருந்தது. அது வாயாடி. "நான் தலையை ஆட்டாவிட்டால் நீ சுவரில் ஐந்து ஓட்டை, அவ்வளவுதான்" என்று சொல்லும். பாயிண்ட் பதில் பேசாது. பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார்களா என்ன.

அந்த அடுக்களை ஞானசௌந்தரி அம்மாளுடையது. காலையில் அடுப்பைப் பற்ற வைக்குமுன் அங்கே நின்று கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாள். மகனுக்காக, மகளுக்காக, பிறகு தவறாமல் மருமகளுக்காக. "கர்த்தாவே, பெனிட்டா கையிட்டுச் செய்யும் வேலையை ஆசீர்வதியும்" என்பாள். பாயிண்டுக்கு அந்த ஜெபம் மனப்பாடம்.

பெனிட்டாவின் கை வேலை தையல். பள்ளிக்கூடம் திறக்குமுன் முப்பது பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. தையல் மிஷின் அடுக்களைக்கு அடுத்த சின்ன அறையில் இருந்தது. அங்கே பாயிண்ட் கிடையாது. அயர்ன் பாக்ஸை அடுக்களைக்குத்தான் தூக்கி வரவேண்டும். ஒருநாள் வெள்ளைச் சட்டைக் காலரில் புதினாச் சட்னி தெறித்துவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் அன்று மத்தியானம் மாமியாரும் மருமகளும் தனித்தனியாய்ச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பெனிட்டா மெதுவாய்க் கேட்டாள், சின்ன அறையில் ஒரு பாயிண்ட் போட்டுக்கொள்ளலாமா என்று.

"போட்டுக்கோ. நான் வேண்டாம்னு சொல்லலையே" என்றாள் ஞானசௌந்தரி. அந்த அறையில் இருந்த அரிசி டிரம்மும், முறுக்குத் தகரமும், பழைய கிரைண்டர் கல்லும் மட்டும் அங்கேயே இருக்கட்டும் என்றாள். மருமகள் துணி விரிக்கிற இடத்தில் பாதியை அவைதான் அடைத்துக்கொண்டிருந்தன.

எலக்ட்ரீசியன் மரியதாஸ் வந்தான். மெயினை ஆஃப் பண்ணினான். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு அடுக்களை பாயிண்டைக் கழற்றினான். வயர் தடிமனாய்த்தான் இருக்கிறது, தாங்கும் என்றான். சுவருக்கு அந்தப் பக்கம்தானே அறை, தனியாய் லைன் இழுக்க வேண்டியதில்லை.

"இதுல இருந்தே எடுத்துக்கிடலாம்மா."

பாயிண்டுக்குச் சுரீர் என்றது. எடுத்துக்கிடலாமாமே. இருபத்திரண்டு வருஷம் சட்னி அரைத்ததற்கு இதுதான் மரியாதையா?

பின்னாலிருந்த பழைய வயர் கரண்ட் இல்லாத நேரமாகையால் கொட்டாவி விட்டபடி கேட்டது. "உன்னிடமிருந்து எதை எடுக்கப் போகிறார்கள்? உனக்கே நான்தானே கொண்டுவந்து தருகிறேன்."

"எனக்கு வருகிறதில் பாதி அந்தப் பக்கம் போய்விடுமே."

"இத்தனை வருஷம் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய், என்னை இவ்வளவுதான் தெரிந்துகொண்டாயா?" என்றது வயர். வயர்கள் அதிகம் பேசாது.

மரியதாஸ் சுவரில் துளை போட்டு மூன்று புது வயர்களை இந்தப் பக்கம் நீட்டினான். அந்தப் பக்கத்திலிருந்து புதுப் பாயிண்ட் பயந்த குரலில் கூப்பிட்டது. "அக்கா, கொஞ்சம் கை கொடுங்களேன்."

"பிடிச்சுக்கோ. நான் வேண்டாம்னு சொல்லலையே" என்றது அடுக்களை பாயிண்ட். இந்த வாசகத்தை அது எங்கே கற்றுக்கொண்டது என்று சுவிட்சுக்குத் தெரியும். சொல்லவில்லை.

நியூட்ரலை முறுக்கினான், எர்த்தை முறுக்கினான். கடைசியாய், கரண்ட் கொண்டுபோகும் பேஸ் வயரைச் செருகித் திருகியபோது பாயிண்ட் ஒரு வேலை செய்தது. தையல்காரியிடம் இடுப்பளவு கொடுக்கிற சிலர் வயிற்றை எக்கிக்கொள்வார்களே, அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டது. திருகு வயரைத் தொடுமுன்னே இறுகினது போல் நின்றது. மரியதாஸ் இழுத்துப் பார்க்கவில்லை. மூடிவிட்டு, மிக்சியோ கிரைண்டரோ ஓடும்போது அயர்ன் பாக்ஸ் போடவேண்டாம், ஹீட்டர் எதுவும் மாட்டவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் பாயிண்ட் மூச்சை விட்டது. புது வயர் உள்ளே பட்டும் படாமலும் நின்றது. கேட்டால் கொடுத்தாயிற்று, உண்மையில் கொடுக்கவும் இல்லை. பாயிண்டுக்குத் தன் கெட்டிக்காரத்தனம் ரொம்பப் பிடித்துப் போனது.

பெனிட்டா அயர்ன் பாக்ஸை மாட்டினாள். அதன் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. பெட்டிதான் கெட்டுவிட்டதோ என்று அதைத் தட்டிப் பார்த்தாள். ஒரு சட்டை தேய்க்கிற நேரத்தில் அதில் கால்வாசிதான் முடிந்தது. இன்னும் பதினெட்டு செட் பாக்கி. திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.

இந்தப் பக்கம் அடுக்களை பாயிண்டுக்கு உடம்பு கதகதவென்றது. பிறகு சுட்டது. உள்ளே சுர் சுர் என்று சத்தம். "பார்த்தாயா, அந்தப் பொடிசு என் உயிரை உறிஞ்சுகிறது" என்று புலம்பியது. மெயின் பாக்ஸில் இருந்த டிரிப் சுவிட்ச் அசையவில்லை. அளவுக்கு மீறி இழுத்தால்தான் அதற்குக் கோபம் வரும். அரைகுறைப் பிடிப்பெல்லாம் அதற்குத் தெரியாது.

கருகல் வாடை முதலில் பெனிட்டாவுக்குத்தான் வந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு வந்தாள். ஞானசௌந்தரி மிக்சி ப்ளக்கைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அந்தக் கை பாயிண்டில் இருந்திருக்கும்.

மரியதாஸ் திரும்ப வந்தபோது ஞானசௌந்தரி நிதானமாய்த்தான் சொன்னாள், அந்தப் புதுப் பாயிண்டை எடுத்துவிடும்படி. இருந்ததையும் அது கெடுத்துவிட்டது என்றாள். பெனிட்டா தைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் புதுசு அழாத குறை.

மரியதாஸ் திறந்து பார்த்தான். வயர் நுனியில் ஒரு விரற்கடை கறுத்திருந்தது.

"புதுசு மேல தப்பில்லம்மா" என்றான். "கொடுத்ததால சுடலை. பட்டும் படாம கொடுத்திருக்கு, அதான் சுட்டிருக்கு. நான் இழுத்துப் பார்த்திருக்கணும், என் தப்புதான்."

வாயாடிச் சுவிட்ச்கூட அந்த நேரம் கேலி பேசவில்லை.

ஞானசௌந்தரி அந்தக் கறுத்த நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சின்ன அறையில் நின்ற அரிசி டிரம்மைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, எடுக்க வேண்டாம். நல்லா முறுக்கிவிடு" என்றாள்.

மரியதாஸ் கருகியதை வெட்டிப் போட்டான். பாயிண்டுக்குள் இருக்கும் பித்தளை நன்றாய்த்தான் இருக்கிறது, சமயத்தில் பார்த்துவிட்டோம் என்றான். வயரைப் புதிதாய்ச் சீவி உள்ளே விட்டான். திருகு இறங்கியது. இந்தத் தடவை பாயிண்ட் மூச்சைப் பிடிக்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மரியதாஸ் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

"அக்கா, வலிக்கிறதா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது புதுசு.

"பேசாமல் வேலையைப் பார்" என்றது பாயிண்ட்.

அயர்ன் பாக்ஸ் விளக்கு அணையாமல் எரிந்தது. சூடெல்லாம் பெட்டிக்குப் போனது. பாயிண்டில் ஒன்றும் இல்லை. சட்டைகள் ஒவ்வொன்றாய் மடிந்து அடுக்காயின.

மறுநாள் காலை ஞானசௌந்தரி வழக்கம்போல் ஜெபத்துக்கு நின்றாள். மகனுக்காக, மகளுக்காக. "கர்த்தாவே, பெனிட்டா கையிட்டுச் செய்யும்" என்று வந்ததும் நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள்.

"பெனிட்டா, இங்க வா. இந்த டிரம்மை ஒரு கை பிடி" என்றாள்.

அரிசி டிரம் அடுக்களைக்கு வந்தது. முறுக்குத் தகரமும் வந்தது. கல்லை உருட்டிக்கொண்டு வருவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. "இடம் போதுமா அத்தை உங்களுக்கு?" என்று கேட்டாள் பெனிட்டா. போதும் என்றாள் ஞானசௌந்தரி.

பிறகு அடுக்களைச் சுவருக்கு வந்து, பாயிண்டின் பழுப்பேறிய முகத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பது போல.

குளிர்ந்திருந்தது. நின்ற இடத்தில் மீதி ஜெபத்தை முடித்தாள்.