கோகிலவாணியின் ஏழுகள்

சூலூர்ப் பக்கத்தில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். இந்தக் குருவின் பெயர் கோகிலவாணி. வயது முப்பத்து மூன்று. வார நாட்களில் ஒரு நூற்பாலையில், ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்ப் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதுவார். மைதானத்தின் ஓரத்தில் மூன்று படி ஏறினால் தகரக் கூரை போட்ட ஸ்கோர் அறை. ஆசிரமம் என்று சொல்வதானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

சீடருக்கு வயது ஐம்பத்தேழு. கோயம்புத்தூரில் பெயரெடுத்த இதய அறுவை மருத்துவர், டாக்டர் நஞ்சுண்டன்.

அவர் ஆசைப்பட்டுச் சீடராகவில்லை. கோகிலவாணியின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் விட்டுப்போன வினை. மூன்று மாதத்துக்குள் வால்வை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் இதயம் தாங்காது. டாக்டர் அதைச் சொல்லிவிட்டுச் சம்மதப் படிவத்தை நீட்டினார்.

"ஆபரேஷன் நல்லபடியா முடியுமாங்க?" என்று கேட்டார் கோகிலவாணி.

"ஒண்ணும் ஆகாதும்மா. பத்துக்குப் பத்து."

"பத்துங்களா?"

"பத்து."

கோகிலவாணி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்க மைதானத்துக்கு வாங்க டாக்டர். அங்க ஒரு வெளையாட்டு நடக்குது. ஒரு சீசன் ஆடுங்க. அப்புறமா கையெழுத்துப் போடறேன்."

ஒரு சீசன் என்றால் இரண்டு மாதம். கையில் இருந்ததே மூன்று மாதம். டாக்டர் கோபித்தார், பிறகு கெஞ்சினார். கோகிலவாணி பிடி கொடுக்கவில்லை. முப்பது வருடத்தில் இப்படி ஒரு நோயாளியை டாக்டர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய கார் மைதானத்துக்கு வந்து நின்றது.

விளையாட்டை விளக்கியவர் மில் ஃபிட்டர் பொன்னுரங்கம்.

"டிவியில வர்ற ஒவ்வொரு மேட்ச்சுக்கும் டாஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு சீட்டு எழுதி இந்த நெய் டின்னுல போடோணும். யாரு ஜெயிப்பாங்கன்னு பேரு. பக்கத்துல அஞ்சுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர்."

"நம்பர் எதுக்கு?"

"எவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்கன்னு காட்டறதுக்கு. பத்து போட்டு ஜெயிச்சா இருபத்தஞ்சு புள்ளி. தோத்தா எழுபத்தஞ்சு போச்சு. ஏழு போட்டு ஜெயிச்சா பதினாறு, தோத்தா இருபத்திநாலு போகும். அஞ்சு போட்டா வரவும் இல்ல, போகவும் இல்ல. தெரியலைன்னு ஒத்துக்கற மாதிரி."

"பரிசு என்ன?"

"பரிசெல்லாம் இல்லீங்க. கடைசியா வர்றவரு அடுத்த சீசன் பூராவும் பிட்ச்சுல சுண்ணாம்புக் கோடு போடோணும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே முதல் சீட்டை எழுதினார். பத்து போட்டார். இரண்டாவது சீட்டிலும் பத்து. வர முடியாத நாட்களில் சீட்டை மடித்து டிரைவரிடம் கொடுத்தனுப்பினார், அதிலும் பத்துதான். கல்லூரி நாளில் விக்கெட் கீப்பராக இருந்தவர். கிரிக்கெட் அவருக்குத் தெரியும். ஒன்றைச் சொல்லிவிட்டு அதைச் சந்தேகப்படுவது அவர் பழக்கத்தில் இல்லை.

சீசன் ஓடியது. முதல் வாரம் கோகிலவாணி மூன்று படியையும் ஒரே மூச்சில் ஏறினார். ஐந்தாவது வாரம் இரண்டாவது படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அதைப் பார்த்தார்.

"போதும்மா. நாளைக்கே வந்து சேருங்க."

"சீசன் முடியட்டுங்க."

"உங்க உடம்பு சீசன் பாத்து நிக்காது."

"தெரியுங்க டாக்டர். இன்னைக்கு உங்க சீட்டு எங்க?"

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து என்று எழுதிக் கொடுத்தார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொன்னுரங்கம் பலகையில் புள்ளிகளை எழுதினார். முதலிடத்தில் கோகிலவாணி, நூற்று இருபத்தெட்டு. கடைசி இடத்தில் டாக்டர் நஞ்சுண்டன், மைனஸ் நூறு. பொன்னுரங்கம் சுண்ணாம்பு வாளியைத் தூக்கி வந்து டாக்டரின் காலடியில் வைத்துவிட்டு மரியாதையாக விலகி நின்றார்.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்கோர் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"நாப்பது மேட்ச்சுல இருபத்தொம்பது நான் சரியாச் சொல்லியிருக்கேன். நீங்க இருபத்தாறுதான். நீங்க மேல, நான் கீழ. இது என்ன விளையாட்டும்மா?"

குரு அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒன்பது நோட்டுகளை எடுத்து அவர் முன்னால் அடுக்கினார்.

"ஒம்பது வருசத்துச் சீட்டு எல்லாம் இதுல ஏத்தி வெச்சிருக்குதுங்க. என் பேருக்கு நேரா ஏழுன்னு இருக்கறத மட்டும் எண்ணுங்க. அதுல எத்தனை ஜெயிச்சுதுன்னும் எண்ணுங்க."

டாக்டர் எண்ணினார். ஏழு போட்ட இடங்கள் நூற்றுப் பன்னிரண்டு. அதில் ஜெயித்தவை எழுபத்தொன்பது. வகுத்துப் பார்த்தார். பத்துக்கு ஏழு.

தற்செயல் என்று நினைத்தார். எட்டுகளை எண்ணினார். அறுபத்தொன்றில் நாற்பத்தொன்பது. பத்துக்கு எட்டு. ஆறுகளை எண்ணினார். நூற்று நாற்பத்தாறில் எண்பத்தேழு. பத்துக்கு ஆறு. முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார். மாறவில்லை.

எத்தனையோ மனிதர்களின் இதயத்தைத் திறந்து கையால் தொட்டவர் அவர். தனக்கு எவ்வளவு தெரியும், எந்த இடத்திலிருந்து தெரியாது என்று இத்தனை துல்லியமாகக் கோடு கிழித்து வைத்திருந்த ஒரு மனதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. நோட்டை மெதுவாக, இரண்டு கையாலும் மூடினார்.

"இது எப்படி வருது உங்களுக்கு?"

"இதுக்கு முன்னாடி, மொதல் ரெண்டு வருசம் வரலீங்க. எட்டு போட்ட எடத்துல பத்துக்கு ஆறுதான் ஜெயிச்சுது. அந்த ரெண்டு நோட்டும் கீழ் தட்டுல கெடக்குது. எண்ணிப் பாத்தேன், வெக்கமாப் போச்சு. கொறைச்சுக்கிட்டேன்."

"இதுல பத்து ஒண்ணுகூட இல்லையே."

"இல்லீங்க."

டாக்டர் மைதானத்தின் பக்கம் திரும்பினார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போலப் பேசினார்.

"நோயாளிகிட்ட நான் பத்துன்னு சொல்றது தைரியத்துக்காகம்மா. இல்லேன்னா யாரும் டேபிள்ல படுக்க மாட்டாங்க."

"சரிங்க. அந்தப் பத்துகளை எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

டாக்டர் எழுந்து காருக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் அவர் மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமுக்குப் போனார். அந்த அறைக்குள் அவர் நுழைவது அதுதான் முதல் முறை. அங்கிருந்த பெண் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

கோகிலவாணிக்கு இருந்த அதே கோளாறு, அதே அளவு களைத்துப்போன இதயம், அதே போலத் தாமதமாக வந்தவர்கள். அவர் கையால் அறுவை சிகிச்சை பெற்றவர்களின் ஃபைல்களை மட்டும் கேட்டார். முப்பத்தொரு ஃபைல்கள் வந்தன. வீட்டுக்கு நடந்து போனவர்களை வலது பக்கம் வைத்தார். மற்றவர்களை இடது பக்கம் வைத்தார்.

வலது பக்கம் இருபத்திரண்டு. இடது பக்கம் ஒன்பது.

வலது பக்கத்து முகங்கள் எல்லாம் நினைவில் இருந்தன. பொங்கலுக்குக் கரும்பு அனுப்புகிறவர்கள், பேத்தியின் கல்யாணப் பத்திரிகையோடு வருகிறவர்கள். இடது பக்கத்தில் மூன்று பெயர்கள் அவருக்கு மறந்தே போயிருந்தன. ஒருவர் பஸ் கண்டக்டர். எப்போது டியூட்டிக்குப் போகலாம் என்று கேட்டவர். அவருக்கும் பத்து என்றுதான் சொல்லியிருந்தார். ஒன்பது பேரும் அந்தப் பத்தை நம்பிப் படுத்தவர்கள்.

டாக்டர் அந்த ஒன்பது ஃபைல்களையும் ஒவ்வொன்றாக, கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டார்.

சாயங்காலம் அவருடைய கார் மைதானத்துக்கு வந்தது. கோகிலவாணி ஸ்கோர் அறையின் முதல் படியில் உட்கார்ந்திருந்தார். மேலே ஏற முடியவில்லை என்று தெரிந்தது. டாக்டர் எதிரே புழுதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

சீட்டில் கோகிலவாணி என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஏழு.

"ஏழுங்களா?"

"ஏழு. எட்டு போடத்தான் ஆசை. எண்ணினா ஏழுதான் வருது. முப்பத்தொண்ணுல இருபத்திரெண்டு."

"ஆபரேஷன் பண்ணலைன்னா?"

"அடுத்த சீசனுக்கு நீங்க இருப்பீங்கன்னு சொன்னா, ரெண்டுதான் போட முடியும்."

கோகிலவாணி தலையாட்டினார். சம்மதப் படிவத்தை வாங்கி, முழங்கால்மேல் வைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் படிவத்தை வாங்கி மடித்தார்.

"ஏழுன்னு சொல்லிட்டேனே. உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"இருக்குதுங்க. நீங்க பத்துன்னு சொன்ன அன்னைக்கும் இருந்துச்சு. அன்னைக்கு நான் மட்டும் தனியாப் பயந்துட்டு இருந்தேன்."

பிறகு பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் டாக்டரின் சீட்டை ஒட்டினார். அதற்கு நேராகப் புள்ளி எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டு, நோட்டையும் பென்சிலையும் டாக்டர் கையில் கொடுத்தார்.

"ஜெயிச்சா நானே வந்து பதினாறு போட்டுக்கறேன். தோத்தா, இருபத்திநாலைக் கழிச்சு எழுத நான் இருக்க மாட்டேனுங்க டாக்டர். மறக்காம நீங்களே கழிச்சிருங்க."