விளக்கின்மேல் ஒரு பொட்டு

"விளக்கு மறுபடியும் எரியுதுங்க, அம்மிணி."

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல வந்து நின்றார் சிவப்பிரகாசம்.

தங்கள் காரைத் தாங்களே பழுதுபார்க்க நினைப்பவர்களுக்குச் சேலத்தில் ஞாயிறுதோறும் வகுப்பெடுப்பவள் மரகதம். வயதில் அவரைவிட ரொம்ப இளையவள். ஆனாலும் குரு அவள்தான். வகுப்பில் மனுஷன் ஃபோனைவிட்டுக் கண்ணை எடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

"எந்த விளக்கு?"

"இஞ்சின் விளக்குங்க. ஃபோன் ஆப்புல பாத்தேன். மூணாவது சிலிண்டர்ல கோளாறுன்னு காட்டுது. கீழ 'அழி'ன்னு ஒரு பட்டன் இருக்குதுங்க. அழுத்தினா விளக்கு அணைஞ்சிரும். கொஞ்ச தூரம் போனதும் வந்துருது."

"வந்தா?"

"திரும்ப அழிச்சிருவேன்."

"நாற்காலியில உக்காருங்கண்ணா."

உட்காரச் சொன்னால் நிற்கிற ரகம் அவர். நின்றார்.

"பானட்டைத் திறந்து பாத்தீங்களா?"

"நேரம் ஏதுங்க? நாளைக்கு ஏற்காட்டுல மகளுக்கு வளைகாப்பு. முடிஞ்ச கையோட வீட்டுக்குக் கூட்டியாரணும். நானே ரிப்பேர் பாத்த கார்லதான் கூட்டிட்டுப் போவேன்னு சம்பந்திகிட்ட வீறாப்பாச் சொல்லிப்போட்டேன். நேத்து மேம்பாலத்துலயே வண்டி நின்னுபோச்சு."

மரகதம் வாசலில் நின்ற அவர் காருக்குள் தலையை நீட்டினாள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தன் நெற்றியிலிருந்த அரக்கு நிறப் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினாள்.

"ஆச்சுங்கண்ணா. கிளம்புங்க."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"விளையாடறீங்களா? உள்ள கோளாறு அப்படியேதான இருக்குது?"

"விளக்குதான் தெரியலையே."

"தெரியாட்டி? கொண்டை ஊசி வளைவுல வண்டி நின்னுபோனா, வயித்துப் பிள்ளையோட அவ என்னங்க பண்ணுவா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே பயம் வந்தது.

மரகதம் அவர் கையிலிருந்த ஃபோனைக் காட்டினாள்.

"மகளைக் கூப்பிடுங்க. வண்டி சரியாயிருச்சுன்னு சொல்லுங்க."

அவர் விரல் மகளின் பெயர்வரை போயிற்று. அங்கேயே நின்றது. காலையிலிருந்து 'அழி'யை அழுத்திச் சலிக்காத விரல்.

ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார். குனிந்து பொட்டைப் பிய்த்தெடுத்தார். விளக்கு எரிந்தது. இந்த முறை அவர் அதை அழிக்காமல் விட்டுவிட்டார்.

முன்பக்கம் போய் நின்று, கொஞ்ச நேரம் காரையே பார்த்தார்.

"அம்மிணி, இந்தப் பானட்டை எப்படித் திறக்கறதுங்க?"