ஆந்தைமுகட்டுக் குரல்

முன்னொரு காலத்தில், மலைகளே மதிலாக நின்ற நாடு ஒன்று இருந்தது. அங்கே தூதுக் குதிரை கிடையாது. ஒரு முகட்டுக் காவலாளி கூவுவான். அடுத்த முகட்டுக்காரன் கேட்டு அதற்கடுத்தவனுக்குக் கூவுவான். செய்தி அப்படியே நாட்டைச் சுற்றி வரும்.

சில காலமாகச் செய்திகள் தாமதமாயின. சில வரவேயில்லை. மூடுபனி இறங்கிய ஒரு காலையில், அரண்மனை முகட்டுக் காவலாளி வெளிறிய முகத்தோடு சபைக்குள் ஓடிவந்தான்.

"அரசே, ஆற்றங்கோட்டையிலிருந்து இளையவர் செய்தி. 'அண்ணா, வெள்ளம் ஏறுகிறது, படகு அனுப்பு.'"

அரசரின் தம்பி வெள்ளத்தில் மாண்டு, கருமாதியும் முடிந்திருந்தது.

அரசர் எழுந்தார். "அவன் அழைக்கிறான். அந்தக் குரலை என் முன் கொண்டுவந்து நிறுத்துங்கள்!"

முகடுகளுக்குப் பொறுப்பான தளவாய் நாகமுத்துவுக்கு, அரசர் விகடகவி குப்பாண்டியோடு சிரித்துப் பேசுவது நெடுநாள் எரிச்சல். "பேய் என்றால் சிரிப்பவர் இவர்தானே, அரசே? இவரையே அனுப்புங்கள். வெறுங்கையோடு வந்தால் தலை போகட்டும்" என்றார்.

அரசர் தலையசைத்துவிட்டார்.

அவன் அரண்மனை முகட்டில் ஏறி, ஒரு செய்தியைக் கூவச் சொன்னான்: 'இதைக் கூவுகிறவர்கள் தத்தம் முகட்டின் பெயரையும் சேர்த்துக் கூவுக.' வெயில் அடித்தவரை அது திரும்பவில்லை. பனி மறுபடி இறங்கியதும் சுற்றிக்கொண்டு வந்தது, முகடுகளின் பெயர்களோடு. நடுவில் ஆந்தைமுகடு.

காவலாளி ஓரடி பின்வாங்கினான். "அங்க நின்னவன் காய்ச்சல்ல செத்துட்டாங்க. அந்த முகட்டத் தாண்டிக் கூவச் சொல்லித் தளவாய் உத்தரவு. ஆனா குரல் அவ்வளவு தூரம் எட்டாதுங்க."

குப்பாண்டி பனிக்குள் மலையேறினான். மேலே ஓர் ஆண்குரல் கூவிக்கொண்டிருந்தது. நெருங்க நெருங்க அது பெண்குரலாயிற்று. தலைவிரி கோலமாக ஒருத்தி நின்றாள்.

"நீ... மனுஷிதானே?"

"செத்த காவக்காரன் பொண்டாட்டி சாமி, உலகாயி. வேற ஆளு வேணும்னு பட்டப்பகல்ல கூவினேன். தளவாயோட ஆளுங்க வந்து, 'பொம்பள ராசா வார்த்தையக் கூவுறதா? கண்ணுல பட்டா உருட்டி விட்டுருவோம்'னாங்க. நான் விட்டா செய்தி இங்கயே செத்துரும். அதான் பனியில மறைஞ்சு, ஆம்பள மாதிரி கூவுறேன். பனி இறங்குற வரைக்கும் நெஞ்சுல வச்சிருப்பேன். சிலது மறந்துபோகுது."

குப்பாண்டி அவளைச் சபையில் நிறுத்தி நடந்ததைச் சொன்னான். "அரசே, தாங்கள் கேட்ட குரல்."

"இவள் தாமதித்ததால் இளையவர் மாண்டார்! இவள் தலையை வாங்குங்கள்!" என்று தளவாய் கத்தினார்.

"பொறுங்கள். தொலைந்த செய்தி ஒன்றையும் கொண்டுவந்திருக்கிறேன்" என்ற குப்பாண்டி, தளவாயின் கையைப் பிடித்து இழுத்து உலகாயியின் அருகே நிறுத்தினான். "ஆந்தைமுகட்டுக்கு ஆள் வேண்டும் என்ற செய்தி இவர் காதுக்குள் போனது, வெளியே வரவில்லை. அதைத் தனியே எடுக்க முடியாமல், அது அடைபட்டிருக்கும் பெட்டியோடு நிறுத்துகிறேன்."

"ஒரு பெண்பிள்ளை கூவியதற்கெல்லாம் நான் ஆள் அனுப்ப..." தளவாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். காவலர்கள் அவர் வாளை வாங்கிக்கொண்டார்கள்.

அரசர் தாழ்ந்த குரலில் கேட்டார். "தம்பி வேறேதும் சொன்னானா, அம்மா?"

"இன்னொண்ணு இருக்கு சாமி. பனிக்காக வச்சிருக்கேன்."

"இப்போதே சொல்."

அவள் கண்ணை மூடி, வாயருகே கைகுவித்தாள். இளையவரை ஒருநாளும் கண்டிராதவளிடமிருந்து, அவர் இழுத்துப் பேசும் அதே பேச்சு வந்தது.

"அண்ணா... படகு இல்லையென்றால் நீயே குதித்து வருவாய். வராதே. உனக்கு நீந்தத் தெரியாது. உன்னையும் நான்தான் கரையேற்ற வேண்டியிருக்கும்."

அரசர் சிரித்தார். கண்ணீர் வழிய, அரியணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எத்தனையோ முறை அவரைச் சிரிக்க வைத்த குப்பாண்டிக்கு அந்தச் சிரிப்பில் மயிர்க்கூச்செறிந்தது.

அரசர் தம் கைக்கடகத்தைக் கழற்றிக் குப்பாண்டிக்கு அணிவித்தார். முகடுகளின் பொறுப்பையும் கொடுத்தார். பிறகு உலகாயியைப் பார்த்தார்.

"ஆற்றங்கோட்டைக்கு ஒரு பதில் கூவு."

"என்னன்னு சாமி?"

"கேட்டேன் என்று."

உலகாயி முற்றத்து வெயிலில் போய் நின்று கூவினாள்.