மூன்றாவது கிண்ணத்தின் இனிப்பு

சீன தேசத்திலே, தேயிலையைத் தங்கத்துக்குச் சமமாக நினைத்த காலத்திலே, ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான், பொறுமை மட்டும் கடுகளவும் கிடையாது. கஞ்சி ஆறும்வரைகூடக் காத்திருக்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற மனிதர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அந்த நாட்டில் ஒரு வழக்கம். வசந்தம் தொடங்கியதும், முன்னோர் கல்லறைகளைக் கூட்டிப் பெருக்கிக் கும்பிடுகிற நாள் ஒன்று வரும். அந்த நாளுக்கு முன்னால் பறித்த தேயிலை மொட்டுக்குத்தான் மதிப்பு. மறுநாள் பறித்தால் அதே செடி, அதே மொட்டுதான். ஆனாலும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

அரண்மனைக்கு மேலே இருந்த மலையில் ஷூலான் என்றொரு பெண் இருந்தாள். அவளும் அவள் புருஷன் தாபெங்கும் கல் பொறுக்கி, மண் சுமந்து, முந்நூறு தேயிலைச் செடி வளர்த்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு சொத்து எதுவும் இல்லை.

அந்த வருஷம் ராஜா முரசறைவித்தார். "கல்லறை நாள் காலையில் எல்லோரும் புதுத் தேயிலை கொண்டுவர வேண்டும். ருசி தேறாத தோட்டத்தில் செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு, பட்டுப்புழுவுக்குத் தீனியாகும் மல்பெரி நடப்படும்!"

நேரம் பாருங்கள், அந்த வருஷம் பார்த்துக் குளிர் போகவே மாட்டேன் என்றது. பத்து நாள் இருந்தது, மொட்டு வரவில்லை. ஐந்து நாள் இருந்தது, மொட்டு வரவில்லை. இரண்டு நாள் இருந்தது, அப்போதும் வரவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் கோங் சிரித்துக்கொண்டே வந்தார். "என்னம்மா, இன்னும் செடியையே பார்த்துக்கிட்டு நிக்கிறே? போன வருஷத்து இலையை மல்லிகைப்பூவுல புரட்டி வச்சிருக்கேன். வாசனை ஊரையே தூக்குது. உனக்கும் ஒரு கூடை தரேன்."

"வேண்டாம் அண்ணே. என் செடி தரும்," என்றாள் ஷூலான்.

தாபெங் அவளைத் தனியே இழுத்தான். "வாங்கிக்கலாம்டி. செடி போயிட்டா சோத்துக்கு என்ன பண்றது?"

"செடி போகக் கூடாதுன்னுதாங்க காத்திருக்கேன்," என்றாள்.

கடைசி நாள் விடியலில் வெயில் வந்தது! சிட்டுக்குருவி நாக்கு அளவுக்கு மொட்டுகள் எட்டிப் பார்த்தன. இருவரும் குனிந்த தலை நிமிராமல் உச்சிப்பொழுது வரை பறித்தார்கள். பிறகு ஷூலான் இரும்புச் சட்டியைக் காயவைத்து, வெறுங்கையால் வறுத்தாள். "கரண்டி எடுத்துக்கோயேன்," என்று தாபெங் கெஞ்சினான். "கரண்டிக்குச் சூடு தெரியாதுங்க," என்றாள். விரலெல்லாம் கொப்புளம். ஐயோ, அந்தக் கையைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் மனசு பதறியிருக்கும். சாயங்காலம் ஒரே ஒரு சிமிழ் தேயிலை தேறியது.

மறுநாள் காலை சபை கூடியது. கோங்கின் தேநீர்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்ததுமே மண்டபம் முழுக்க மல்லிகை மணம். ராஜா ஒரு வாய் குடித்தார். "ஆகா!" என்றார். மந்திரிகளும் குடிக்காமலே "ஆகா!" என்றார்கள்.

அடுத்து ஷூலானுடையது. வெளிறிய பச்சையில் இருந்தது. ராஜா ஒரு வாய் குடித்தார். "இது என்ன, வெந்நீரா? போய் இவள் செடிகளைப் பிடுங்குங்கள்!"

காவலன் ஷூலானின் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் அசையவில்லை.

"மகாராஜா, எங்க மலையில ஒரே இலையில மூணு தண்ணி ஊத்திக் குடிக்காம யாரும் தேயிலையைப் பத்திப் பேச மாட்டாங்க. இவர் இலைக்கும் என் இலைக்கும் இன்னும் ரெண்டு தண்ணி ஊத்துங்க. அப்புறம் செடியோட சேர்த்து என்னையும் பிடுங்கிப் போடுங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

ராஜாவின் பார்வை அவள் விரல் கொப்புளங்களில் விழுந்தது. "சரி, ஊற்றுங்கள்," என்றார்.

இரண்டாம் தண்ணியில் கோங்கின் மல்லிகை பாதி காணாமல் போயிற்று. ஷூலானின் கிண்ணத்திலோ அப்போதுதான் உரித்த பச்சைப் பட்டாணி மணம் எழுந்தது. ராஜா புருவத்தை உயர்த்தினார்.

மூன்றாம் தண்ணியில் பூ மணம் பறந்தே போய், பழைய இலையின் கசப்பு மட்டும் மிஞ்சியது. ராஜா முகத்தைச் சுளித்தார். பிறகு ஷூலானின் கிண்ணத்தை எடுத்தார். நாக்கில் லேசான துவர்ப்பு. விழுங்கினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் சொல்லாமல் மூடிக்கொண்டார். தொண்டையிலிருந்து மெல்ல ஒரு இனிப்பு ஏறி வந்தது. அவசரக்கார ராஜா கண்ணை மூடிக்கொண்டு, அது முழுசாக வந்து சேரும்வரை காத்திருந்தார்.

"இது எங்கேயிருந்து வந்தது?"

"முதல் கிண்ணத்துலயே இருந்துச்சு மகாராஜா. அது வர்ற வரைக்கும் நீங்கதான் இருக்கலை," என்றாள் ஷூலான்.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "நான் செய்தது தப்புதான்," என்று சபையறியச் சொன்னார். முந்நூறு செடியும் பிழைத்தன. பழைய இலையைப் புதுசென்று கொண்டுவந்த கோங்குக்கு என்ன தண்டனை தெரியுமா? தன் இலையில் நாலாம் தண்ணி ஊற்றி, ஒரு பானை முழுக்க அவரே குடிக்க வேண்டும். மடக் மடக்கென்று குடித்தார், பாவம்!

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஷூலானுக்குக் கை எரிந்தது, அழுகையும் வந்தது. மிச்சமிருந்த ஒரு சிட்டிகை இலையைத் தாபெங்குக்குப் போட்டுக் கொடுத்தாள். "முதல் கிண்ணத்தைக் குடிச்சிட்டு வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்!" என்றாள். அவன் மூன்று கிண்ணம் முடியும்வரை மூச்சு விடவில்லை.

கதை கேட்டவர்களே, இதை மட்டும் மனசில் வையுங்கள்: உண்மையான தரம் வெளியே தெரிய நேரமாகும், அதுவரை இடத்தை விட்டு நகராமல் நிற்கிறவருக்கே வெற்றி.